கூச்சக்கொல்லி

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வெட்கம் என்பதே கிடையாது என்று கலியபெருமாள் சொன்னால், அதைக் கிழட்டுப் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. உண்மையிலேயே கிடையாது. மாதாமாதம் சந்தா கட்டி அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அன்று காலையும் வழக்கம்போல விடிந்தது. குழியூரின் வாய்க்கு மேலே நிழல்துணியை இழுத்துவிடும் இயந்திரங்கள் கரகரவென்று ஓடின. அரை மணி நேரத்தில் வானம் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் கதவைத் திறக்கலாம் என்று சங்கு ஊதும். குழியூர் ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கமாக இருந்த பள்ளம். கரி தீர்ந்ததும், மேலே தரையில் வெயிலுக்குத் தாக்குப்பிடிக்க முடியாத ஜனங்கள் பள்ளத்தின் சுவரைப் பன்னிரண்டு அடுக்காக வெட்டிக்கொண்டு உள்ளே குடிவந்தார்கள். கீழே போகப் போகக் குளிர்ச்சி. அதனால் வசதியானவர்கள் எல்லாரும் கீழே. அந்த ஊரில் ஒருவனை "அடிமட்டத்து ஆள்" என்று சொன்னால் பெரிய இடத்துப் பிள்ளை என்று அர்த்தம். கலியபெருமாள் இருந்தது மேலிருந்து இரண்டாவது அடுக்கில். மதியத்தில் சுவரில் கை வைத்தால் சுடும்.

அடுக்குக்கு அடுக்கு ஏறி இறங்க வாளி இருந்தது. பழைய கரி வாளியில் ஆட்களை ஏற்றிய நாளில் வந்த பெயர். இப்போது கண்ணாடிப் பெட்டியானாலும் பெயர் வாளிதான். அன்று வாளிக்குள் ஒருவன் காலைத் தூக்கிக் கம்பியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தான். துண்டு ஒன்று பறந்துபோய்ப் பக்கத்தில் நின்ற அம்மாளின் தலைப்பூவில் விழுந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் இன்னொருத்தி ஏதோ சாவு வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

"எத்தினி மணிக்கு எடுக்குறீங்க? மதியம் சாப்பாடு உண்டா, இல்ல நாங்க சாப்புட்டே வந்துடட்டுமா?"

கலியபெருமாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தூ! மானங்கெட்ட ஜென்மங்க. காசு குடுத்து வெக்கத்த வித்துட்டுத் திரியிதுங்க" என்று வாளிக்கே கேட்கும்படி சொன்னார். பிறகு பூ வைத்திருந்த அம்மாளைப் பார்த்து, "ஒனக்கும்தான் இந்த வயசுல எதுக்கும்மா இவ்வளோ பூவு? நகம் வுழறதுக்கா?" என்றார். அந்த அம்மாள் தலை குனிந்துகொண்டாள். கலியபெருமாள் அதைக் கவனிக்கவில்லை. உண்மையைச் சொன்ன திருப்தியில் நின்றார்.

எல்லார் காதுக்குப் பின்னாலும் காதுவேர் இருந்த காலம் அது. வேப்பம்முத்து அளவில் ஒன்றை வலது காதுக்குப் பின்னால் பதித்துவிட்டால், அதிலிருந்து நூல் நூலாக வேர் விட்டு மூளை வரைக்கும் போய்ப் பிடித்துக்கொள்ளும். பிறகு அதில் என்ன வேண்டுமோ அந்தச் செயலியை ஏற்றிக்கொண்டு மாதச் சந்தா கட்டினால் போதும். மேடையில் பேச நடுங்குகிறவர்களுக்கென்று கம்பெனிக்காரன் ஒன்றைக் கொண்டுவந்தான். தயக்கநீக்கி என்று பெயர் வைத்தான். வெட்கம் கிளம்புகிற நரம்பை அது மரத்துப்போகச் செய்யும். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் கூச்சக்கொல்லி. பூச்சிக்கொல்லி அடித்த வயலில் தவளையும் சாவதுபோல, கூச்சக்கொல்லி அடித்த ஊரில் மரியாதையும் செத்தது என்பது கலியபெருமாளின் கட்சி.

"நான் அந்தக் கருமத்தத் தொட்டது இல்ல. நான் பேசறது எல்லாம் சொந்தப் பேச்சு. வெட்டு ஒண்ணு, துண்டு ரெண்டு" என்று எழுபத்து நான்கு வயதிலும் மார்தட்டுவார். ஐந்தாவதோடு படிப்பை விட்டுச் சுரங்கத்தில் பெல்ட் ஒட்டும் வேலைக்குப் போனவர். கரியை மேலே கொண்டுவரும் அந்த மைல் கணக்கான ரப்பர்ப் பட்டை அறுந்தால் ஒட்டுவது அவர் வேலை. எந்தக் காகிதத்தையும் நம்ப மாட்டார். எந்த ஆபீசரையும் நம்ப மாட்டார்.

அன்று அவர் சந்தா ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தது பெண்டாட்டி அஞ்சலாட்சி சொல்லித்தான்.

"பென்ஷனு வந்து எறங்குறதுக்குள்ள சந்தான்னு புடிச்சிக்கிறான். எது வேணும், எது வேணாம்னு ஒரு தடவ கேட்டுத் தொலைச்சிட்டு வாங்க."

"எனக்கு என்னாடி சந்தா? காது கேக்கறதுக்கு ஒண்ணு. அவ்வளோதான்."

"கேக்குற காதுக்குக் கட்டுறதுதான் வீணாப் போவுது" என்றாள் அஞ்சலாட்சி.

சந்தா ஆபீஸ் எட்டாவது அடுக்கில் இருந்தது. ஆடி மாதம் என்பதால் கூட்டம். வாசலில் தோரணம் கட்டி, "மூன்று சேர்ந்தால் ஒன்று இலவசம்" என்று எழுதிப் போட்டிருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் சுகுணா என்கிற நடுவயதுப் பெண், ஒரு கையால் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் திரைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது இருக்கு பெரியவரே."

"என்னாது ஒம்பது?"

"உங்க பேர்ல ஒன்பது சந்தா ஓடுது."

"ஒண்ணுதான போட்டேன்!"

"ஆடித் தள்ளுபடியில சேர்ந்திருக்கீங்க. பதினோரு வருசம் ஆச்சு. மறு ஆடியிலயும் வந்திருக்கீங்க. முதல் மாசம்தான் இலவசம். வேணாம்னா அப்பவே வந்து சொல்லணும். இதோ, 'அனைத்துக்கும் சம்மதம்'னு உங்க கட்டைவிரல் ரேகை."

"வெரல வைய்யின்னான், வெச்சேன். படிச்சிப் பாருன்னு எவன் சொன்னான்?"

அவள் ஒரு பருக்கையை உதட்டிலிருந்து துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். செவித்தெளிவு, அது இருக்கட்டும் என்றார். படியில் கால் இடறாமல் பார்த்துக்கொள்ளும் காலடிச்சமன், அதுவும் இருக்கட்டும். மழைவாசனை: மழை பெய்யாத ஊரில் மாதம் இரண்டு தடவை மூக்கில் மண் மணக்கச் செய்வது. "நிறுத்து. மழையே இல்ல, வாசனை எதுக்கு?" சீன மொழிப் பயிற்சி. "அடிப்பாவி! தமிழே அஞ்சாவது வரைக்கும்தான். நிறுத்து." இப்படியே போய், உம்கொட்டி என்று ஒன்று வந்தது. வீட்டில் யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது, நம் குரலிலேயே நம் தொண்டையிலிருந்து "உம்... உம்... அப்படியா" என்று கொட்டிக்கொண்டிருக்கும், நாம் பாட்டுக்கு வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருக்கலாம். கலியபெருமாள் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அது... அது இருந்துட்டுப் போவுது" என்றார் குரலைத் தாழ்த்தி.

"அடுத்தது தயக்கநீக்கி. வேணுமா, நிறுத்தவா?"

வரிசையில் பின்னால் நின்றவன் களுக்கென்று சிரித்தான். கலியபெருமாள் காதில் கை வைத்து, "இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

"தயக்கநீக்கி. கூச்சக்கொல்லின்னு சொல்லுவாங்களே, அது. பதினோரு வருசமா உங்க பேர்ல ஓடுது."

அவர் கத்தினார். கம்பெனியைத் திட்டினார், சுகுணாவைத் திட்டினார், பின்னால் சிரித்தவனின் பாட்டனைத் திட்டினார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். சுகுணா அலட்டிக்கொள்ளவில்லை. "நிறுத்திடவா?" என்று மறுபடி கேட்டாள். நிறுத்தினாள். ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள்.

"பழகினவங்களுக்கு முதல் மூணு நாள் கொஞ்சம் சிரமமா இருக்கும். அடங்கிக் கிடந்ததெல்லாம் மேல வரும்னு போட்டிருக்கு. தண்ணி நிறையக் குடிங்க. அடுத்த ஆளு வாங்க."

வாளியில் ஏறியபோது முதலில் காது சூடானது. எதிரே காலையில் பூ வைத்திருந்த அந்த அம்மாள் நின்றிருந்தாள். சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள் போலிருந்தது. தலையில் பூ இல்லை. பையில் கீரைக்கட்டு மேல் அந்தப் பூச்சரத்தைச் சுருட்டி வைத்திருந்தாள். எப்போது எடுத்திருப்பாள்? தான் சொன்ன உடனேயா, இறங்கிப்போய் யாரும் பார்க்காத இடத்திலா? கலியபெருமாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடிச் சுவர். அதிலும் அவள் தெரிந்தாள். தன் அடுக்கு வரும் முன்பே இறங்கி, மிச்சத்தை இரும்புப் படியில் ஏறிப் போனார். காது தீயாகச் சுட்டது.

வீட்டுக்கு வந்ததும் சீட்டில் இருந்தபடி தண்ணீர் குடித்தார். காதுச் சூடு நின்றபாடில்லை. நினைவில் ஒன்று வந்தால் அதன் வாலைப் பிடித்து இன்னொன்று வந்தது. எதிர்வீட்டுக்காரன் மகனுக்கு வேலை போன அன்று அவன் வாசலிலேயே நின்று, "நீ வளத்த லட்சணம்" என்று சொன்னது. பல் செட்டு போட்டுக்கொண்டு வந்த சிநேகிதனைப் பார்த்துக் கடைவீதியில் சிரித்தது. பேரனின் வகுப்பு டீச்சரிடம் போய், "இவன் அப்பனும் மக்குதான்" என்று, பேரனையும் மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னது. அன்று மகன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தச் செருப்பின் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது வரைக்கும் இப்போது கலியபெருமாளுக்குத் தெரிந்தது.

இரண்டாவது நாள் அஞ்சலாட்சி கடலை உரித்துக்கொண்டே என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தொண்டையிலிருந்து "உம்... உம்... அப்படியா" என்று வந்தது. அவருக்கே தூக்கிவாரிப் போட்டது.

"என்னா சொன்ன?" என்றார்.

அஞ்சலாட்சி கையை நிறுத்தி ஏறிட்டுப் பார்த்தாள். "எதக் கேக்குறீங்க?"

"இப்ப சொன்னியே, அத."

"மார்ல ஒரு கட்டியாட்டம் இருக்குது, ஆஸ்பத்திரியில காட்டுனேன், ஒண்ணுமில்லன்னுட்டாங்கன்னு சொன்னேன். இது நாலாவது தடவ சொல்றேன். தினம் 'அப்படியா'ன்னுதான கேட்டுக்கினீங்க."

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடலைத் தொலியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். "அஞ்சல, நான் மனுசனே இல்ல. எல்லாம் அந்தக் கூச்சக்கொல்லி பண்ண வேல. எனக்குத் தெரியாம பதினோரு வருசமா உள்ள கெடந்திருக்கு" என்றார்.

"அது பதினோரு வருசம். நமக்குக் கண்ணாலம் ஆயி நாப்பத்தெட்டு வருசம் ஆவுது" என்று சொல்லிவிட்டு மறுபடி கடலையை எடுத்தாள்.

அது அவர் காதில் ஏறவில்லை. அதற்குள் பெரிய நினைவு ஒன்று வந்துவிட்டது. மூன்றாம் நாள் முழுக்க அது நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அவருக்கு ஒரே தங்கை, தனபாக்கியம். அவள் புருஷன் கொளஞ்சி செத்துப் பதினாறாம் நாள் கருமாதி. பந்தல் நிறைய சனம். தாலி அறுத்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போட வேண்டிய அண்ணன் இவர். காப்பிக்கலர்ச் சேலையைத் தங்கையின் தோளில் போட்டார். அதோடு வந்திருக்கலாம். ஆனால் நிமிர்ந்து நின்று, "இருவது வருசம் வீட்டுல குந்திக்கினு சோத்துக்கு மட்டும் ஏந்திரிச்சவனுக்கு இம்மாம் பெரிய பந்தல் என்னாத்துக்கு?" என்று கேட்டார். தனபாக்கியம் கோடியை எடுத்து மடித்து, அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தாள். பிறந்த வீட்டுக் கோடியைத் திருப்பிக் கொடுத்தால், பிறந்த வீடே வேண்டாம் என்று பொருள். அது ஒரு ஆவணி மாதம். அதற்கு முந்தைய ஆடியில்தான் இவர் தள்ளுபடியில் விரல் வைத்திருந்தார். கணக்கு ஒத்துப்போனது. ஆகவே அன்று பேசியது தான் அல்ல.

இங்கே வரைக்கும் யோசித்ததும் ஒரு தேறுதல் வந்தது. உடனே அந்தத் தேறுதலும் புளித்துப்போனது. கொளஞ்சி ஏன் இருபது வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தான் என்பது உலகத்தில் இப்போது ஒரே ஆளுக்குத்தான் தெரியும்.

சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த நாளில், ஒரு தடவை கலியபெருமாளுக்குச் சீட்டாட்டம் ருசித்துப்போய் எழுந்திருக்க மனம் வரவில்லை. "மச்சான், இன்னிக்கி ஒரு நாளு என் ஷிப்டுல நில்லு" என்றார். அதே சுரங்கத்தில் வேலை பார்த்த கொளஞ்சி போனான். அன்று பார்த்துப் பெல்ட் தீப்பிடித்துக்கொண்டது. மூன்று மணி நேரம் ரப்பர்ப் புகைக்குள் கிடந்துவிட்டு வந்தான் கொளஞ்சி. நெஞ்சு அதோடு போயிற்று. பத்தடி நடந்தால் இளைக்கும். பதிவேட்டில் இருந்ததோ கலியபெருமாள் பெயர். ஆள் மாறி நின்றது தெரிந்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும். கொளஞ்சி வாயைத் திறக்கவில்லை. கரித்தூசு நெஞ்சில் படிந்துவிட்டது என்று பெண்டாட்டியிடமே பொய் சொன்னான். கம்பெனி அவனுக்கு ஒரு மாத்திரை வாங்கிக் கொடுக்கவில்லை. விபத்தில் அவன் இல்லையே. கலியபெருமாளும் வாயைத் திறக்கவில்லை. கருமாதிப் பந்தலில்தான் திறந்தார்.

அன்றைய பேச்சுக்குக் கூச்சக்கொல்லியைச் சொல்லலாம். அதற்கு முந்தைய இருபது வருஷ மௌனத்துக்கு எதைச் சொல்வது? அந்தக் கேள்வி வந்தபோது அவர் எழுந்து பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். அஞ்சலாட்சி அந்தக் கோடியைப் பாச்சை உருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தாள். பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, ஷிப்டு விஷயம் உட்பட, என்று வாளியில் போகும்போதே முடிவு செய்தார். மனசுக்குள் இரண்டு தடவை சொல்லியும் பார்த்தார். "அன்னிக்கி என் மொறை தனம். அவன் எனக்காகப் போனான்." பத்து வார்த்தைகூட இல்லை.

தனபாக்கியம் ஐந்தாவது அடுக்கில் சுவர்க் குகையில் காளான் பயிர் செய்துகொண்டிருந்தாள். வாசலில் உட்கார்ந்து காளானைத் தட்டில் பரப்பிக்கொண்டிருந்தவள், அண்ணனைப் பார்த்துவிட்டு, பார்க்காதவள்போல, "யாரு?" என்றாள்.

"நாந்தான்."

"என்னா சோலி?"

"ஒண்ணும் இல்ல. பாத்துட்டுப் போலாம்னு..."

"பாத்தாச்சில்ல."

உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. அவர் நின்றார். பையிலிருந்து சேலையை வெளியே எடுத்தார். பாச்சை உருண்டை வாசனை பரவியது. அவள் கை ஒரு நிமிஷம் தட்டின் மேல் அசையாமல் நின்றது. நிறம் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது சொல்ல வேண்டும். அன்னிக்கி என் மொறை. வார்த்தை தொண்டைக்குழி வரைக்கும் வந்தது. அங்கே வந்து, பழைய வாளிபோல் மாட்டிக்கொண்டது. அவள் தலை நரைத்திருந்தது. பின் கழுத்தில் கொளஞ்சி பெயரைப் பச்சை குத்தியிருந்தது தெரிந்தது. காது சுட்டது. வேறு வார்த்தைகள் வந்தன.

"தனம், அன்னிக்கிப் பந்தல்ல பேசினது நான் இல்ல."

"பின்ன யாரு, ஒன் ஆவியா?"

"கூச்சக்கொல்லி. எனக்குத் தெரியாம எந்தலையில ஏத்திட்டான் கம்பெனிக்காரன். அதுதான் பேசிச்சி. இப்ப நிறுத்திட்டேன். மூணு நாளா சோறு எறங்கல தனம்."

தனபாக்கியம் அவரை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். நம்பலாமா வேண்டாமா என்று அந்தக் கண் எடை போட்டது. அதே குடும்பத்து ரத்தம். அவளும் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அந்தப் பார்வையில் கொஞ்சம் ஆசையும் இருந்தது. பதினோரு வருஷமாக ஒரு காரணம் கிடைக்காதா என்று காத்திருந்தவளின் ஆசை.

"சத்தியமா?"

"சத்தியமா."

"ஒன் சத்தியத்த வெச்சி நான் என்னா பண்றது? கம்பெனியில எழுதி வாங்கியா. கருமாதி அன்னிக்கி அது ஒன் தலையில ஓடிச்சின்னு ஒரு கடுதாசி. ஊரு சனத்துக்கு முன்னால அவரக் கேவலப்படுத்தின. அவுங்களுக்கும் நான் காட்டணும் இல்ல? அதக் கொண்டா, கோடிய வாங்கிக்கிறேன்."

அவர் திரும்பியபோது, "வெயில்ல நிக்காத, உள்ளாற வழியா போ" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னாள். பதினோரு வருஷத்தில் அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அது அவரைச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

மறுநாள் காலையில் முதல் ஆளாகச் சந்தா ஆபீசில் நின்றார். சுகுணா அப்போதுதான் வந்து தலைமுடியைக் கட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னார். தேதியைச் சொன்னார்.

"அவ்வளோதானே, எடுத்துத் தரேன்" என்று பலகையைத் தட்டினாள். தட்டியவள் நிறுத்தினாள். மறுபடி தட்டினாள்.

"பெரியவரே, நீங்க இதை ஆன் பண்ணவே இல்லையே."

"என்னாது?"

"சந்தா கட்டியிருக்கீங்க. ஆனா ஒரு நாள்கூட ஓட்டல. இயங்கின நேரம் சுழியம்னு இருக்கு. இது தானா ஓடாது. ரெண்டு கையால ரெண்டு காதையும் பிடிச்சுக்கிட்டு மூணு எண்ணணும், தோப்புக்கரணம் போடற மாதிரி. அப்பத்தான் ஆரம்பிக்கும்." அவள் அவரைக் கொஞ்சம் வியப்போடு பார்த்தாள். "பதினோரு வருசத்துல யார்கிட்டயும் ஒரு தடவகூட நீங்க காதைப் பிடிச்சதில்லையா?"

கலியபெருமாள் பலகையை எட்டிப் பார்த்தார். "மெசினு தப்பா சொல்லுது."

"தப்பா சொல்லாது. இந்தாங்க பாருங்க, உம்கொட்டி. அது தினம் ஓடியிருக்கு. காலையில ஒரு மணி நேரம், சாயந்திரம் ரெண்டு மணி நேரம். சரியா?"

சரிதான். மிகச் சரியாக இருந்தது.

"அப்ப இந்த மூணு நாளு? சோறு எறங்கலியே. தலைய நிமித்த முடியலியே. நிறுத்தினதாலதான வந்துச்சி?"

"ஓடாததை நிறுத்தினா என்ன வரும்? நான் சீட்டு குடுத்தேன். வரும்னு நினைச்சீங்க, வந்திருக்கு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "வெளியில சொல்லாதீங்க. இந்த ஊர்ல இதுக்குக் கட்டறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் ஆன் பண்ணதே கிடையாது. எங்க கம்பெனிக்கே முதல்ல புரியல. கட்டிட்டோம்ங்கற தெம்பே போதும் போல. முதல் மாசச் சந்தா போனதுமே வெக்கமும் போயிடுது."

அப்படியானால் நகம் வெட்டினவன்? சாவு வீட்டில் சாப்பாடு கேட்டவள்? கலியபெருமாள் அந்த யோசனையை மேலே போகவிடவில்லை. மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"தாயி, எல்லா நாளும் வேணாம். அந்தக் கருமாதி ஒரு நாளு மட்டும். அன்னிக்கி ஓடிச்சின்னு எழுதிக் குடு. நல்லா இருப்ப. என் தங்கச்சி காத்துக்கினு இருக்கு."

சுகுணா அவரையே பார்த்தாள். "ஒரு செத்த மனுசன் விஷயத்துல பொய்க் காகிதம் எழுதச் சொல்லி, காலங்காத்தால கியூவுல நின்னு கேட்கறீங்களே பெரியவரே. இது எந்தச் செயலி?"

பின்னால் வரிசை சேர்ந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அவள் காகிதத்தை அச்சடித்து நீட்டினாள். உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தது. "வேணும்னா இப்பவும் ஆடித் தள்ளுபடி இருக்கு. மறுபடி சேர்ந்துக்கலாம்" என்றாள், வழக்கமாக எல்லாரிடமும் சொல்வதுபோல. பிறகு அவர் முகத்தைப் பார்த்து, "காது ரொம்பச் சிவந்திருக்கே. வேர்ல ஏதும் கோளாறான்னு பார்க்கறேன், திரும்புங்க" என்று, சின்னக் கோல் ஒன்றை அவர் வலது காதுக்குப் பின்னால் வைத்து எடுத்தாள். "வேர் சில்லுன்னுதான் இருக்கு. சூடு அதுலேருந்து வரல."

கலியபெருமாள் காகிதத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தார். கோடிப் பை தோளில் கனத்தது. வாளி வந்து நின்று கதவு திறந்தது. ஏறினால் ஐந்தாவது அடுக்குக்கும் பொத்தான் உண்டு, இரண்டாவது அடுக்குக்கும் பொத்தான் உண்டு. அவர் ஏறவில்லை. வாளி காத்திருந்து பார்த்துவிட்டுப் போயிற்று. இரும்புப் படியில் மெதுவாக ஏற ஆரம்பித்தார். ஐந்தாவது அடுக்கு வர இன்னும் தூரம் இருந்தது. அதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம்.

"பொய் சொல்றா" என்று படியிடம் சொன்னார். "கம்பெனிக்காரி எப்படி ஒத்துக்குவா? ஓடாதது எப்படி இப்படிச் சுடும்?"

வலது காதைத் தொட்டார். அனல். என்னவோ தோன்றி, இடது காதையும் தொட்டுப் பார்த்தார். வேர் வைக்காத காது. அதுவும் அதே சூட்டில் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு கையும் இரண்டு காதில் இருக்க, படியின் நடுவே ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"இந்தப் பக்கமும் வேர் வுட்டிருக்கும். திருட்டுப் பசங்க, சொல்ல மாட்டானுங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே மேலே ஏறிப் போனார்.